இரண்டு கண்ணுக்கு இரண்டு மஞ்சள்

ஈரோட்டு மண்டியில் ஈஸ்வரமூர்த்தி ஒரு விரலி மஞ்சளை ஒடித்து, இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கிறார். பிறகு வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கிறார். கடைசியில் எதையும் பொத்தாமல் பார்த்துவிட்டு, மூட்டை கொண்டுவந்த விவசாயியிடம், "கொஞ்சம் இருங்க, கேட்டுச் சொல்றனுங்க" என்கிறார். யாரிடம் கேட்பார்? கேட்க வேண்டிய இரண்டு பேரும் அவர் முகத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

வலக்கண்ணில் புரை எடுத்து ஒரு மாதமாகிறது. அதுவரை மண்டியில் அவர் கண்ணுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் உற்றுப் பார்த்தால் வெளிறிய மஞ்சளும் வெட்கப்பட்டுச் சிவக்கும் என்பார்கள். நாற்பதில் வெள்ளெழுத்து வந்தபோதுகூட, கண்ணாடி பேப்பருக்கு மட்டும்தான், மஞ்சளுக்கு இல்லை என்று சட்டம் போட்டவர்.

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும், சுவருக்கு எப்போது வெள்ளை அடித்தீர்கள் என்று கேட்டார். யாரும் அடிக்கவில்லை. புதுக்கண்ணுக்கு மண்டி மஞ்சளெல்லாம் வெளுத்துத் தெரிந்தது. பழைய கண்ணுக்கோ காக்கைகூடத் தங்கம். டாக்டர் வர்ஷினி பொறுமையாக விளக்கினார்: புரை பல வருஷமாகப் பழுப்பேறிய கண்ணாடிபோல மறைத்திருந்தது, இப்போது தெரிவதுதான் நிஜ நிறம்.

"அப்ப இத்தன வருசமா நான் வாங்குனதெல்லாம் என்ன நெறமுங்க?"

டாக்டர் இன்னொரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

நாளை இடக்கண்ணுக்கு ஆபரேஷன். விட்டால் புரை முற்றி, அந்தத் தங்கமும் இருட்டாகிவிடும் என்று சொல்லியாயிற்று. ஆனாலும் மனிதருக்கு மனம் வரவில்லை. "மண்டில எல்லாரும் நம்பறது இந்தக் கண்ணத்தான் அம்மணி. இதையும் குடுத்துப்போட்டு எத வெச்சு நான் மஞ்சப் பாக்கறது?" என்று மனைவி மயிலாத்தாளிடம் முறையிட்டார்.

ஆஸ்பத்திரிப் பையில் துண்டை மடித்து வைத்தபடியே அவள் கேட்டாள்: "அது கெடக்கட்டுமுங்க மாமா. எந்தக் கண்ணுல நான் நல்லாருக்கறேன்?"

வசமாக மாட்டிக்கொண்டார். வலக்கண்ணைப் பொத்தினார்: நலங்கு வைத்த கல்யாணப் பெண்ணாக, விளிம்பெல்லாம் கலங்கி, பொன்னாக நின்றாள் மயிலாத்தாள். இடக்கண்ணைப் பொத்தினார்: வெள்ளைவெளேரென்று நரை, கண்ணோரத்தில் சுருக்கம், மோவாயில் அவர் பார்த்த நினைவே இல்லாத ஒரு மச்சம்.

"இது எப்ப வந்துச்சு?"

"பொறந்ததுலருந்தே இருக்குதுங்க."

இடக்கண்ணைப் பொத்திய கையை ஈஸ்வரமூர்த்தி எடுக்கவில்லை. மற்றொரு கையால் நாற்காலியை அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.