ஏரியூர்ப் பக்கம் கயிறு கட்டிய வாசல்

காலை 6.40. பென்னாகரம் பேருந்து நிலையத்தில் பதினைந்து ரூபாய்க்குத் தேநீர் குடித்துவிட்டு ஏரியூர்ப் பேருந்தில் ஏறினேன். கோமாரி நோயைப் பார்க்கப் போகிறேன் என்றதும் பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். “மாட்டு நோயப் பாக்க டிக்கெட்டு எடுத்து வாரீங்களா?” விவசாயப் பத்திரிகைக்கு எழுதுகிறவன் பிழைப்பு அப்படித்தான் என்றேன்.

8.15. ஏரியூரிலிருந்து நான்கு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ. மாதம்மாள் வீட்டுக் கொட்டகையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவருடைய கறவை மாடு வாயில் நுரை வழிய, கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. இங்கே மாட்டுக்கு நோய் என்றால் அக்கம்பக்கத்தார் வந்து பார்க்க வேண்டும், வராவிட்டால் குறை. வந்தவர்கள் அதன் வாயைத் திறந்து பார்த்து, ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்கள். சும்மா நிற்க முடியாமல் நானும் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தேன்.

கோமாரி மனிதனை ஒன்றும் செய்யாது. ஆனால் அவன் கையிலும் செருப்பிலும், மாட்டுத் தீவனத்திலும் ஏறி அடுத்த கொட்டகைக்குப் போய்விடும். பெரிய மாடு பெரும்பாலும் தேறிவிடும், பால்குடிக் கன்று தாங்குவது கஷ்டம். இதையெல்லாம் நானே எழுதியிருக்கிறேன், வெட்கக்கேடு.

9.30. “தம்பி வூட்டு மாடு கன்னு போட்டு பத்து நாளாச்சுங்க. வாங்க, காட்டறேன்” என்று மாதம்மாள் கிளம்பினார். தன் மாடு அந்தப் பாடு படும்போதும், தம்பி மாட்டுக்கென்று தன் கொட்டகையிலிருந்து ஒரு கட்டு ராகித்தாளை, அதாவது கேழ்வரகு வைக்கோலை, தலையில் எடுத்துக்கொண்டார். இருநூறு அடி நடை. தம்பி மனைவி செல்வி வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்.

“அண்ணி, அங்கயே நில்லுங்க. யாரையும் உள்ள வுடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. கன்னுக்குட்டி தாங்காதுங்க.”

“நான் பொறந்த வூட்டுக்கு எனக்கே கயிறா?”

மாதம்மாள் தலையிலிருந்த தாள்கட்டைக் கயிற்றுக்கு மேலாக உள்ளே வீசிவிட்டுத் திரும்பி நடந்தார்.

உள்ளே இருந்த மாடு கழுத்தை நீட்டியது. செல்வி ஓடிவந்து, நீளக் கோலால் கட்டை வெளியே தள்ளி நெருப்பு வைத்தார். தாள் சடசடவென்று பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டுத் திரும்பிய மாதம்மாள், ஒரு கணம் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார். அப்போதுதான் கவனித்தேன், மாட்டைத் தடவிய கையால் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். செல்வி அதையும் அறுத்து நெருப்பில் போட்டு, வேறு கயிறு கட்டினார்.

10.50. கிளம்பினேன். நான் குடியிருக்கும் நகரத்துத் தெருவில் கதவைச் சாத்த யாருக்கும் காரணம் வேண்டியதில்லை. இங்கே சாத்தியவர் அழுதுகொண்டிருந்தார்.

“கன்னு செத்துச்சுன்னா எங்க அண்ணிதான் மொத ஆளா ஓடியாந்து கட்டிப் புடிச்சு அழுவாங்க. பொழச்சுக்கிச்சுன்னா இந்த வாசப்படிய மிதிக்க மாட்டாங்க.”

உள்ளே கன்று கத்தியது. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மிதிக்காமயே இருக்கட்டுங்க சார்.”