கள்ளி அடுப்பை ஊதியவர்

வைத்தியப் பூசையில் குடிக்கப் பேதுருக் கள்ளியைக் காய்ச்சுகிறவள் மனதில் கோபம் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தச் சாறு, குடித்தவரைப் புரட்டிப் போடுமே தவிர நோயையும் காட்டாது, வழியையும் காட்டாது. சலாலா மலையில் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அதனால் பூசை நாளான செவ்வாயும் வெள்ளியும் பானை ஏறுமுன் வீட்டுச் சண்டை தீர்ந்தாக வேண்டும். தப்புச் செய்தவர் மண்டியிட்டு அடுப்பை ஊத வேண்டும். அதுதான் மன்னிப்பு.

வைத்தியர் கஸ்பாரைத் தேடிக் கடற்கரை ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் மலையேறி வருவார்கள். அவர் பூசைக்குக் கள்ளி அறுத்துக் காய்ச்சியவள் மனைவி எவுதோசியா. வாய் கொஞ்சம் நீளம். ஊரே கும்பிட்ட மனிதர் வீட்டில் அடுப்பூதினார்.

"நேத்து கத்துனது நீ. நான் எதுக்குடி ஊதணும்?"

"ஊதாதீங்க. வந்தவங்களுக்குச் சூப்பு ஊத்தி அனுப்பிருவோம்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கண் சிவந்து, புருவம் பொசுங்கி நிமிர்ந்து, "கெட்டிக்காரிடி நீ" என்று சிரிப்பார். அப்புறம் கோபமாவது மண்ணாங்கட்டியாவது! என்ன சுகமான காலம் அது. அவள் பிடித்த சண்டைகளில் பாதி, அவர் அப்படி உட்காருவதைப் பார்க்கத்தான்.

கடைசிச் சண்டை ஒரு கினிப்பன்றியால் வந்தது. இழுத்துக்கொண்டு கிடந்த ஒருத்தியின் உடம்பில் தடவிக் குடலில் நோய் பார்க்க, எவுதோசியா ஆசையாக வளர்த்த சினைக் கினிப்பன்றியை அவர் எடுத்து அறுத்துவிட்டார். வீடு இரண்டுபட்டது. மறுநாள், அடுப்பு மூட்டும் நாளுக்கு முன்பே, உருளைக்கிழங்கு வயலில் நெஞ்சடைத்துச் சாய்ந்தார். சண்டை அப்படியே நின்றுபோனது.

துக்கம் கழிந்து, அவர் இடத்துக்கு வந்த தம்பி லிசாந்த்ரோவுக்கு இன்றுதான் முதல் பூசை. நோயாளிகள் வந்தாயிற்று. கள்ளியை அறுத்துப் பானையில் போட்டாயிற்று. எவுதோசியா மட்டும் விறகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, வெயில் ஏறுது. இப்ப ஏத்தலைன்னா பொழுது சாயறதுக்குள்ள சாறு இறங்காது."

"மனசுல சண்டை கெடக்கு தம்பி. நான் காய்ச்சினா அவங்களுக்கு ஆகாது."

லிசாந்த்ரோ கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "சரி, அண்ணனுக்குப் பதிலா நான் ஊதறேன்" என்று மண்டியிட்டான்.

அவளுக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ, அவன் போர்த்தியிருந்த போஞ்சோவைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிடா! அவர் என்ன தப்புப் பண்ணாரு, நீ ஊதறதுக்கு? கினிப்பன்றி போனா இன்னொண்ணு. அந்தப் பொம்பள பொழச்சு நடந்து போனாளே!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. மெல்ல மண்டியிட்டாள். அந்த அடுப்பை அவள் ஒருநாளும் ஊதியதில்லை. முதல் ஊதலிலேயே சாம்பல் முகத்தில் அப்பியது.

"பக்கவாட்டுல ஊதுங்க அண்ணி."

ஊதினாள். தீ பிடித்தது. இருமலும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இவ்வளவு புகையும்னு அந்த மனுஷன் ஒருநாளும் சொல்லலையே!" என்றாள்.