எத்தன அடி துளை? – சிறுமலைக்கு ஒரு சனிக்கிழமை

சிறுமலைக்கு நான் போனது இந்த 2008 மே மாதம்தான். ஊர் பார்க்கப் போகவில்லை. மூன்று வாரமாகத் தூக்கம் சரியில்லை. குளிர்ந்த இடத்தில் உட்கார்ந்து ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது.

கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே, நாற்பத்தெட்டு வயதில் முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறேன். ஒவ்வொரு விண்மீன் மண்டலத்தையும் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் ஒரு பெரிய கூடாகச் சூழ்ந்திருக்கிறது. மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளை சீறினால் வாயு வெளியே தள்ளப்படும். என் கணினிக் கணக்கில் கருந்துளையைச் சேர்த்ததும் கூட்டின் நிறை குறைந்தது. வெளியேறிய வாயுவைவிட அதிகமாகவே குறைந்தது. "மீதி எங்கே போனது? விளக்குங்கள், இல்லையேல் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். திங்களுக்குள்" என்று நெறியாளர் எழுதிவிட்டார். இரண்டு வருட உழைப்பு அது.

திண்டுக்கல்லில் 8.15 பேருந்து கண்ணெதிரே போனது. அடுத்தது 11.30க்குத்தான். மலைவாழைத்தார் ஏற்றப் போன காலி வேனில் ஐம்பது ரூபாய்க்கு ஏறினேன். ஓட்டுநர் செபஸ்தியான், என் மடியிலிருந்த தாள்களைப் பார்த்து என்னவென்று கேட்டார். கருந்துளை என்றேன். அத்தோடு பேச்சு நிற்கும் என்று நினைத்தேன்.

"துளையா? எத்தன அடிம்மா?"

இங்கே துளை என்றால் போர், அதாவது ஆழ்துளைக் கிணறுதான். திருத்த அலுப்பாக இருந்தது. "அடி தெரியாது. உள்ள இருக்கறத வெளிய ஊதித் தள்ளும்" என்றேன்.

"எல்லாப் போரும் அப்படித்தானம்மா!"

மலைச்சாலையில் திரும்பும் முன் வண்டி நின்றது. சாலையோரத் தோட்டத்தில் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் புழுதி சாலையையே மறைத்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெண் வரப்பில் நின்று, போர் போடும் தோட்டக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே முருகா, மல்லிச்செடி பூரா மாவா அப்பிக் கெடக்கு! எவன் வாங்குவான் இந்தப் பூவ?"

"புழுதிதானக்கா, தண்ணிய ஊத்திக் கழுவிக்க."

"தண்ணிக்கு எங்க போக? நீ போன தடவ போட்ட போருலயே என் கெணத்து ஊத்து நின்னுபோச்சு. நீ வெளிய தள்ளுனதத்தான் பாக்குற. உள்ள வராமப் போனத எவன் பாக்குறது?"

வரப்புச் சண்டை எதையும் நிரூபிக்காது. ஆனாலும் நானும் வெளியே போனதை மட்டும்தான் பார்த்திருந்தேன். வாயு போனால் ஈர்ப்பு தளரும். அப்புறம் வெளியிலிருந்து விழ வேண்டிய கரும்பொருளும் முழுதாக உள்ளே வராது. பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளிலும் இதையேதான் யோசித்தேன். மேலே ஒரு தேநீர் குடித்துவிட்டு 1.30 பேருந்தில் மலை இறங்கிவிட்டேன். சிறுமலையைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

ஞாயிறு முழுவதும் கணினி ஓடியது. வராமல் போனதையும் சேர்த்தபோது இடைவெளி பெருமளவு அடைபட்டது. கொஞ்சம் இன்னும் இடிக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதி, அத்தியாயத்தை எடுக்காமலே அனுப்பினேன். "இருக்கட்டும்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது.

போகிறவர்கள் 8.15ஐத் தவறவிடாதீர்கள். வளைவுகளில் தலைசுற்றுபவர்கள் வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம். தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

போன வாரம் பேருந்து நிலையத்தில் செபஸ்தியான் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்னம்மா, ஒங்க துளையில தண்ணி வந்துச்சா?"

"கொஞ்சம்" என்றேன்.