விருத்தாசலத்தில் விட்ட ரயில்

விருத்தாசலம் ஜங்ஷன் பெஞ்சில், இந்த ஊரில் வாங்கிய வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் கண்களை மூடித் தியானத்தில் ஆழ்ந்துவிட்டார். வீட்டில் தியானத்துக்கு உட்கார்ந்தால், ஒரு கொசு கடித்தாலே எழுந்துவிடுவார். இன்றோ, சேலம் வண்டி கரிப்புகையோடு வந்து நின்றும் அசையவில்லை.

“சாரை எழுப்புங்கம்மா, வண்டி கௌம்புது!” பொம்மை விற்கும் பெண் பதறுகிறாள்.

சேலத்தில் தங்கை சமைத்துவைத்துக் காத்திருப்பாள். அவர் தோளைத் தொடக் கை நீட்டுகிறேன். அந்த முகத்தில் இப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. கையை இழுத்துக்கொள்கிறேன்.

“இருக்கட்டும்மா, சாயங்கால வண்டிக்குப் போறோம்.”

ரயில் போன பிறகு கண் திறக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

“கமலா, உடம்பே காணாமப் போயிடுச்சு! ஒரே வெளிச்சம்!”

“வண்டியும் காணாமப் போயிடுச்சுங்க சார்” என்கிறாள் பொம்மைக்காரி.