அரிக்கன் சட்டியில் தங்கம்

சரித்திரச் சுற்றுலா வழிகாட்டியிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "டாய்லெட் எந்தப் பக்கம்?" என்பதுதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்பட்டுக்கொண்டே, பேசுவதையே பிழைப்பாக்கிக்கொண்ட தோழிகளே, தோழர்களே, இது உங்களுக்காக.

பின்வரிசை

மெல்பர்னிலிருந்து இரண்டு மணி நேரத்தில், தங்கம் தேடி வந்தவர்கள் உண்டாக்கிய சின்ன ஊர் ஒன்று இருக்கிறது. தங்கம் தீர்ந்ததும் ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் ஒரு சிறை, சீனர்களின் இடுகாடு, ஓர் ஓடை. சரித்திரம் படித்த எனக்கு அங்கே வழிகாட்டி வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள்.

என் குரல் முதல் வரிசையைத் தாண்டாது. மூன்றாவது மாதம் முடியும் சமயத்தில் மேலாளர் ஹெலன் கூப்பிட்டார். அந்த ஊரிலேயே பிறந்தவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "சனிக்கிழமை நானும் கூட்டத்தோடு வருவேன். உன்னால் முடியவில்லை என்றால் வேறு வேலை பார்த்துக்கொள்."

ஐந்து பேர் அறை

சனிக்கிழமை வந்து நின்றது, மெல்பர்ன் புறநகரான டார்னெய்ட்டிலிருந்து ஒரு பஸ் நிறைய ஈழத்தமிழ் மூத்தோர். திருச்சிக்காரியான எனக்குத் தமிழில் பேசக் கிடைத்ததே என்று ஒரு தெம்பு. சிறைக்குள் போனதும், "இந்த ஓர் அறையில் ஐந்து பேரை அடைத்து வைத்திருந்தார்கள்" என்றேன். யாராவது உச்சுக் கொட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். கூட்டத்தில் வந்திருந்த புவனா அன்ரி சுவருக்குச் சுவர் நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐஞ்சு பேருக்குத் தாராளம் பிள்ளை. என்ர மகன் ட்ருகனினாவில இதைவிடச் சின்னனை மாஸ்டர் பெட்ரூம் எண்டு வாங்கி வச்சிருக்கிறான்."

நடந்து வந்தவர்கள்

இடுகாட்டில் கொஞ்சம் கனமாகப் பேச நினைத்தேன். கப்பலில் வந்து இறங்கும் சீனர்களுக்கு மட்டும் அன்றைய விக்டோரியா அரசு தலைவரி போட்டது. அதற்குத் தப்ப, அவர்கள் அந்த வரி இல்லாத தென் ஆஸ்திரேலியாவில் இறங்கி, வாரக்கணக்கில் நடந்தே இங்கே வந்தார்கள். சொல்லி முடித்தேன். படகில் வந்து, தீவு முகாமில் அடைபட்டுக் கிடந்து அகதியான அங்கிள் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். "அவையள் நடந்தெண்டாலும் வந்திட்டினம். எங்களைத் தீவில எல்லே இறக்கினவை!"

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு பஸ்ஸே சிரித்தது. ஹெலன் என் காதருகே வந்து, "அப்படி என்ன ஜோக் சொன்னாய்?" என்றார்.

ஓடை

கடைசியாகத் தங்கம் அரிப்பது. வந்தவர்கள் ஏமாறக் கூடாது என்று மணலில் கொஞ்சம் அசல் தங்கத்தூளை ஹெலன் கலந்து வைப்பார். அரிப்பதற்கு நான் நீட்டிய, உள்ளே வரிவரியாக இருந்த தட்டைப் பார்த்ததும் புவனா அன்ரி, "இது எங்கட அரிக்கன் சட்டியெல்லோ!" என்று பறித்துக்கொண்டார். அரிசியில் கல் அரிக்கும் சட்டியாம். அரிசி தண்ணீரோடு மிதந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் அடியில் தங்கும்.

என்ன மணிக்கட்டு! ஹெலன் வாய் பிளந்து, "இவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவரா?" என்றார். தட்டின் அடியில் தங்கம் மின்னியது. அன்ரி மணலையெல்லாம் சிந்தாமல் இன்னொரு தட்டில் சேர்த்தார். பிறகு, கைப்பழக்கம் போகுமா, அடியில் தங்கியதை ஓடையில் வீசி எறிந்தார்.

"ஆன்ட்டி, வேண்டாம்!" என்று அலறினேன். மரத்திலிருந்த காக்கட்டூக் கிளிகள் எல்லாம் பறந்தன.

"ஏன் பிள்ளை கத்துறாய்? கல்லைத்தானே கொட்டினனான்."

தீர்ப்பு

பஸ் போன பிறகு ஹெலனுக்கு முன்னால் போய் நின்றேன். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்த முகத்தைத் துடைத்தபடி அவர் சொன்னார்: "நீ கத்தியதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நீ மெதுவாக ஒன்று சொல்கிறாய், உடனே எல்லாரும் பேசுகிறார்கள். இந்த ஊரில் இவ்வளவு சத்தம் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. திங்கட்கிழமையும் வா, அதற்குப் பிறகும் வா."

சரித்திரம் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று வீட்டில் நம்புகிறார்கள். உண்மையில் அது, சரித்திரம் உள்ளவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பதற்கு.