மேஸ்திரி மகளுக்கு ஒரு மைக்

டைல்ஸ் மேஸ்திரி என்றால் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான். மற்றவர்களும் டைல்ஸ் ஒட்டுகிறார்கள், யார் இல்லையென்றது? ஆனால் அவர்களை யாரும் மேஸ்திரி என்று கூப்பிடுவதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பன்னிரண்டு வயதில் கலவைச் சட்டி தூக்கி, இருபத்தாறு வயதில் தனக்குக் கீழே எட்டுப் பேரை வைத்து வேலை வாங்கிய மனிதர். படித்த எஞ்சினியர்கள் அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "இந்த ஒரு வேலையை மட்டும் நீங்களே வந்து முடிச்சுக் கொடுங்க மேஸ்திரி" என்று கேட்டிருக்கிறார்கள். இதை அவரே எல்லாரிடமும் சொல்வார். சொன்னால் என்ன? உழைத்தவன் சொல்லாமல் வேறு எவன் வந்து சொல்வான்?

கையைவிட அவருக்குக் காதுதான் பெரிய சொத்து. ஒட்டிக் காய்ந்த டைல்ஸை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடப்பார். அடியில் கலவை நன்றாகப் பிடித்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். உள்ளங்கை அளவு இடம் காலியாக இருந்தாலும் சத்தம் பொக்காகிவிடும். நின்று, "இதைப் பேர்த்துடு" என்பார். பேர்த்தால் சொன்ன இடத்தில் சொன்ன அளவுக்குக் குழி இருக்கும். அறுபத்தாறு வயதிலும் ஒரு தடவைகூடத் தப்பியது கிடையாது.

அவருக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் மூன்று வருஷத்துக்கு முன்னால் பெட்டியோடு வந்துவிட்டாள். வந்த அன்றைக்கே மேஸ்திரி தெருவில் நின்று, "என் பொண்ணு எனக்குப் பாரமா? ஆயுசு முழுக்க உட்கார வச்சுச் சோறு போடுவேன்யா!" என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். பாசத்தில்தான் சொன்னார். ஆனால் ஒரு தடவையோடு விட்டிருக்கலாம். டீக்கடையில் சொன்னார், வேலைத் தளத்தில் சொன்னார், வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். முப்பத்து நாலு வயதுப் பெண் உள்ளறையிலிருந்து அதைத் தினமும் கேட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

அவளுக்குக் குரல் நல்ல குரல். பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். பாடத்தை அவள் வாசித்தால் கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளை எழுந்து ஓடாது. புத்தகங்களை ஆள் வைத்து வாசித்து, காதில் கேட்கிற புத்தகமாக விற்கிற ஒரு கம்பெனி ஆள் தேடியது. ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் ஒரு பக்கம் வாசித்து அனுப்பினாள். குரல் பிடித்திருக்கிறது, சரியான மைக்கில் பத்து நிமிஷம் பதிவு செய்து இருபதாம் தேதிக்குள் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. தேறினால் ஒரு வருஷ ஒப்பந்தம். இடம் ஒன்றுதான், இன்னும் இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள், இரண்டாம் வாய்ப்பு கிடையாது என்பதையும் எழுதியிருந்தார்கள்.

ஒப்பந்தம் கிடைத்தால் தனியாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்று அவள் அம்மாவிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

மைக் வாங்கக் கிளம்பியபோது மேஸ்திரியும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

"இருக்கறதுலயே பெரிசா ஒண்ணு எடுத்து வைங்க" என்றார் கடைக்குள் நுழைந்ததும்.

கடைக்காரர் ஒல்லியான மனிதர், நிதானமாகப் பேசுகிறவர். "முதல் மைக்குக்குப் பெரிசு எதுக்குங்கய்யா? வீட்டுல வச்சுப் பேசத்தானே?"

"என் பொண்ணுக்குங்க. பொம்மையா கேக்கறேன்?"

"அப்பா, வாங்கறது நான்" என்றாள் மகள்.

கடைக்காரர் மூன்று மைக்குகளை மேஜைமேல் வைத்தார். ஒன்று கம்ப்யூட்டரில் நேரே சொருகுகிற சின்னது. ஒன்று பாட்டுக்காரர்கள் வாங்குகிற விலை கூடியது. நடுவில் இருந்தது சாதாரண விலைக் கண்டென்சர் மைக். அதற்குத் தனியாகக் கரண்டு வேண்டும், இந்தச் சின்னப் பெட்டி வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு பெட்டியையும் எடுத்துக் காட்டினார்.

"மேடை மைக் மாதிரி இதோட தலையில பேசக் கூடாதும்மா. இதோ, இந்த முத்திரை இருக்கற பக்கம் உங்க வாயைப் பார்த்து நிக்கணும். காது ரொம்பக் கூர்மை. ஊசி விழுந்தாலும் எடுத்துக்கும். நல்லதையும் எடுக்கும், கெட்டதையும் எடுக்கும்."

"அப்ப என்னை மாதிரின்னு சொல்லுங்க" என்றார் மேஸ்திரி. கடைக்காரர் சிரித்தார்.

மகள் ஏற்கெனவே இரண்டு மாதமாகப் படித்துப் பார்த்து, யார் யாரிடமோ கேட்டு, நடுவில் இருந்ததைத்தான் மனதில் வைத்திருந்தாள். அதையே எடுத்தாள்.

"மேலே ஆகறதை நான் தர்றேன், அந்தப் பெரிசையே வாங்கு."

"வேணாம்பா. நீங்க கொடுத்தா அது உங்க மைக் ஆயிடும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். மேஸ்திரியும் சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

பில் போடும்போது கடைக்காரர் சொன்னார்: "ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. மைக் பாதிதான். மிச்சப் பாதி ரூம். ரூம் சரியில்லன்னா எவ்வளவு பெரிய மைக்கும் உதவாது."

மகள் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார். "ரூமா? அதை எங்கிட்ட விடுங்க. நாற்பது வருஷமா ரூமோடதான் குடும்பம் நடத்தறேன்."

கரண்டுப் பெட்டி கையிருப்பில் இல்லை, வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். அந்த நேரம் பார்த்துச் சித்திக்குக் கண் ஆபரேஷன். துணைக்கு நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று மகள் புறப்பட்டுப் போனாள்.

அவள் பஸ் ஏறியதுதான் தாமதம், மேஸ்திரி ஸ்டோர் ரூமைக் காலி செய்ய ஆரம்பித்தார். பழைய பஞ்சு மெத்தைகள், தலையணைகள், துணி மூட்டைகள், கிழிந்த ஜமுக்காளங்கள் எல்லாம் வெளியே வந்தன. வீட்டிலேயே அந்த ஒரு அறைக்குத்தான் டைல்ஸ் கிடையாது. பூசாத செங்கல் சுவர். இத்தனை வருஷம் அது அவருக்கு ஒரு மானக்கேடு.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்களேன்" என்றாள் மனைவி.

"கேட்டுட்டுச் செஞ்சா அது காண்ட்ராக்ட்டு வேலை. கேக்காம செஞ்சாத்தாண்டி அப்பன்."

ஆட்கள் இரண்டு பேர் கலவை எடுத்துக் கொடுக்க, முழுக்க அவர் கையாலேயே ஒட்டினார். வெள்ளைப் பளபளப்பு டைல்ஸ், ஆள் உயரத்தில் பாதி இருக்கும் பெரிய பலகைகள், தரையிலிருந்து கூரை வரைக்கும் நாலு சுவருக்கும். மூலையில் இரண்டு டைல்ஸ் சேருகிற இடத்தைச் சாய்வாக வெட்டி, நகம் நுழையாதபடி பொருத்தினார். மூன்றாம் நாள் முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு நாலாம் நாளும் உட்கார்ந்தார். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு வேலையை இந்தக் காலத்தில் பார்க்க முடியாது. முடித்ததும் நாலு சுவரையும் தட்டினார். ஓரிடத்தில்கூடப் பொக்குச் சத்தம் இல்லை.

மகள் வந்தாள். அவர் அவளை முன்னே விட்டு விளக்கைப் போட்டார்.

"அப்பா..." என்றாள்.

அந்த ஒரு சொல் நாலு சுவரிலும் மோதி அவளிடமே திரும்பி வந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. மேஸ்திரி அதைப் பார்த்துப் பூரித்துப் போனார். "இதுக்கெல்லாமா அழுவாங்க? அப்பன் எதுக்கு இருக்கேன்?"

"பழைய மெத்தையெல்லாம் எங்கேப்பா?"

"காயலான் கடைக்குப் போட்டாச்சு. ஸ்டூடியோவுல மூட்டைப்பூச்சியா வளர்க்கப் போறே?"

"அந்த மெத்தைதாம்பா சத்தத்தை வாங்கிக்கிட்டுது. இந்தச் சுவர் எல்லாத்தையும் திருப்பி அடிக்கும்பா."

"சுவர் எங்கேயாவது அடிக்குமா? பேசிப் பாரு, மணி மாதிரி கேக்கும்."

ஆணி அடித்துப் போர்வைகளைத் தொங்கவிடலாமா என்று கேட்டாள். "என் டைல்ஸ்ல ஆணியா? அதுக்கு என் நெத்தியில அடி" என்றார். கரண்டுப் பெட்டி வந்ததும், நாற்காலிகள்மேல் போர்வையைப் போட்டுச் சுற்றி நிறுத்திக்கொண்டு மூன்று நாள் மத்தியான வேளையில் பதிவு செய்தாள். கூடம் பஸ் போகிற தெருவைப் பார்த்து இருந்தது. படுக்கையறைக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை. கூர்மைக் காது மைக் எதையும் விடவில்லை. திரும்பத் திரும்ப இந்த வெள்ளை அறைக்குத்தான் வந்தாள். வாசித்து வாசித்து, எது நல்லது எது கெட்டது என்று அவளுக்கே பிடிபடாமல் போய்விட்டது.

இருபதாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"உட்காருங்கப்பா. இதைக் கேட்டுச் சொல்லுங்க. என் காது செத்துப் போச்சு. உங்க காது பொய் சொல்லாது. சரியில்லன்னா சொல்லிடுங்க, எதிர்த்தெரு ஜவுளிக் குடோன்ல சாவி தர்றேன்னு சொல்லியிருக்காங்க. சுத்தித் துணிக்கட்டா இருக்கும், ஒரு மணி நேரத்துல பேசி அனுப்பிடுவேன்."

"முன்னாடியே போயிருக்கறது?"

"இவ்வளவு பாடுபட்டுக் கட்டியிருக்கீங்க. உங்களுக்கு மனசு கஷ்டமாயிடுமேன்னுதான்."

ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டாள்.

முதல் வரியிலேயே மேஸ்திரிக்குத் தெரிந்துவிட்டது. மகளுடைய குரல்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு பொக்குச் சத்தம் ஒட்டிக்கொண்டு வந்தது. கலவை பிடிக்காத டைல்ஸை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் எப்படி இருக்கும், அப்படி. எந்தச் சுவரிலிருந்து எவ்வளவு திரும்புகிறது என்பதுகூட அவர் காதுக்குத் தெரிந்தது. பத்து நிமிஷம் அசையாமல் கேட்டார். நல்லா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் நல்லா இல்லாதது எது? மகளுடைய வாசிப்பு இல்லை, மைக் இல்லை. தன் கையால் ஒட்டிய ஒன்றைப் பார்த்து "இதைப் பேர்த்துடு" என்று அவர் இதுவரை சொன்னதே கிடையாது.

ஹெட்போனைக் கழற்றினார்.

"பிரமாதம்" என்றார். "அனுப்பு."

"நிஜமாவாப்பா?"

"எங்கிட்டயே நிஜமாவான்னு கேக்கறியா? அனுப்புன்னா அனுப்பு."

அவள் முகம் தெளிந்தது. அங்கேயே உட்கார்ந்து அனுப்பினாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. சமையலறையில் நின்றுகொண்டு அவள் அதை அம்மாவுக்கு வாசித்தாள். மேஸ்திரி வாசல்படியில் டம்ளரோடு நின்றார். குரலில் குறையில்லை, ஆனால் பதிவு குளியலறைக்குள் பேசியதுபோல் எதிரொலிக்கிறது, இப்படி ஒரு பதிவைச் சரியென்று நினைத்து அனுப்புகிறவரை நம்பி ஒரு புத்தகத்தை ஒப்படைக்க முடியாது, இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

"அவனுங்களுக்குக் காதே கிடையாது" என்றார் மேஸ்திரி.

மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். "அப்பா, அன்னைக்கு உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையா?"

"என்ன கேட்டுச்சா?"

"எதிரொலி."

"நான் என்ன ஸ்டூடியோக்காரனா?"

"கேக்கறாள்ல, பதிலைச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி, அடுப்பைப் பார்த்தபடியே. "ஊரான் வீட்டு டைல்ஸ்ல எறும்பளவு ஓட்டை இருந்தா உங்களுக்குக் கேக்குதே."

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். "கேட்டுச்சு" என்றார்.

மனைவி அடுப்பை அணைத்தாள்.

"அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு நெனச்சேன்மா."

"அடுத்த தடவை இல்லைன்னு சொல்லியிருந்தேனேப்பா." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "குடோன் சாவி தர்றேன்னாங்கன்னு சொன்னேனே. அப்ப மணி ரெண்டுதானே ஆச்சு."

அவர் விறுவிறுவென்று கொல்லைப்புறம் போய்ச் சுத்தியலும் உளியுமாகத் திரும்பி வந்தார். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. "இந்தா, இப்பவே பேர்த்துடறேன். ஒரு டைல்ஸ் நிக்காது. பழையபடி செங்கல் சுவராக்கி, புது மெத்தை நாலு வாங்கி அடுக்கறேன். போதுமா?"

மகள் ஸ்டோர் ரூம் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம்பா. உடைச்சா அதையும் நாலு பேர்கிட்ட சொல்லுவீங்க. பொண்ணுக்காக உடைச்சேன்னு."

அந்த வயதில், அவ்வளவு பேரை ஏவி வேலை வாங்கிய மனிதர், சுத்தியலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். மனைவிதான் வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் அவள் ஒரு ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற வேலைக்குச் சேர்ந்தாள். காலை எட்டு மணிக்குப் போனால் இருட்டுகிற நேரத்துக்கு வருவாள். தனி வீடு எடுக்கிற சம்பளமில்லை. சாப்பாட்டுச் செலவுக்கென்று ஒரு தொகையை மாதம் பிறந்ததும் அம்மா கையில் கொடுத்துவிடுவாள். மேஸ்திரி வேண்டாமென்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டும்பா" என்றாள். அவரிடம் அவள் பேசாமல் இல்லை. மாத்திரை போட்டீங்களா, தண்ணி வந்துச்சா, எல்லாம் கேட்பாள். இது நல்லா இருக்காப்பா என்று மட்டும் எதையும் காட்டிக் கேட்பதில்லை.

ஒரு நாள் காலையில், புது வீடு கட்டுகிற ஒருவர் மேஸ்திரியின் கைவேலையைப் பார்க்க வந்தார். கூடம், படுக்கையறை எல்லாம் பார்த்துவிட்டு ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூலையைத் தடவிப் பார்த்தார்.

"அடேயப்பா! என்ன மேஸ்திரி இது? இது என்ன ரூம்?"

மகள் வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"ஸ்டோர் ரூமுங்க" என்றார்.

"ஸ்டோர் ரூமுக்கா இப்படி இழைச்சிருக்கீங்க? கையில காசு கொழுத்துப் போச்சு உங்களுக்கு!" வந்தவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு நாலு சுவரிலும் பட்டு நாலு பேர் சிரிப்பதுபோல் கேட்டது.

"ஆமாங்க" என்றார் மேஸ்திரி. "கொஞ்சம் கொழுப்புத்தான்."

வெளிக் கதவுக் கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. மகள் போய்விட்டாள். அவர் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, "உங்க வீட்டுல எந்த ரூம்ல ஆரம்பிக்கணும், சொல்லுங்க" என்றார்.