சித்தையன்கோட்டையில் நின்றிருந்த வேன்

2006 ஜூனில் மூன்று நாள் திண்டுக்கல் போய் வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. எங்கள் நிறுவனம் தயாரித்த சிறிய சரக்கு வேன் ஒன்று, சித்தையன்கோட்டைப் பக்கம் வயலுக்குள் சாய்ந்துவிட்டதாகப் புகார் வந்திருந்தது. அந்த வேன் திட்டத்துக்கு மேலாளர் நான்தான். வாடிக்கையாளர் வண்டியைப் பார்க்கத் தனியாகக் கிளம்பும் இளம் பொறியாளர்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

ஓசூரில் காலை ஆறு மணிக்கு பஸ் ஏறினேன். சேலம், நாமக்கல், கரூர் வழியாக முந்நூற்றிருபது கிலோமீட்டர் இருக்கும். திண்டுக்கல் பஸ் நிலையத்தில் இறங்கும்போது மணி இரண்டரை. டிக்கெட் நூற்றுமுப்பத்தைந்து ரூபாய். ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள். கரூர் தாண்டியதும் வெயில் முகத்தில் அறையும், ஆனாலும் காற்று வரும்.

நான் பிறந்து வளர்ந்ததே திண்டுக்கல்தான். அப்பா பள்ளி ஆசிரியர். அவரும் அம்மாவும் அப்போதே இல்லை. வீட்டை விற்று நான்கு வருடமாகியிருந்தது. எனவே சொந்த ஊரில் லாட்ஜில் அறை எடுத்தேன். இருநூறு ரூபாய், சுத்தமான அறை. மாலையில் எங்கள் பழைய தெரு வரைக்கும் நடந்தேன். வீட்டுக்குப் பச்சை அடித்திருந்தார்கள். வாசலில் நின்ற பெண்மணி, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். "யாரையும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு பேகம்பூர் பக்கம் போய்ப் பிரியாணி சாப்பிட்டேன். மேஜைக்கு எதிரே இருந்த காலி நாற்காலியை, யாரோ கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1998இல் மெக்கானிக்கல் முடித்து பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். ஏழு வருடத்தில் திட்ட மேலாளர். கேட்கப் பெரிதாக இருக்கும். உண்மையில் எதையும் நாங்கள் கையால் செய்வதில்லை. வடிவமைப்பு, வார்ப்பு, சோதனை என்று எல்லோரையும் விரட்டித் தேதியைக் காப்பாற்றுவதுதான் வேலை. அந்த வேனை மோசமான சாலையில் இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். வெளியீட்டுத் தேதி நெருங்கியதால் பன்னிரண்டாயிரத்தில் நிறுத்தலாம் என்று பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டவன் நான். தேதி தவறவில்லை. பாராட்டுக் கடிதம்கூடக் கிடைத்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு, செம்பட்டி வழியாகச் சித்தையன்கோட்டைக்குப் போகும் பஸ். இருபத்திரண்டு கிலோமீட்டர், எட்டு ரூபாய், முக்கால் மணி நேரம். வேன் உரிமையாளர் காதர் மைதீன் பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். தேங்காயும் நெல்லும் ஏற்றி திண்டுக்கல் சந்தைக்குப் போய் வருபவர். வேன் அவர் வீட்டுக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில், ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றிருந்தது.

"ஓவர்லோடுன்னு எழுதிட்டுப் போயிராதீக சார்," என்றார் எடுத்ததும். "போன மாசம் உங்க கம்பெனியில இருந்து ஒருத்தரு வந்தாரு. வண்டிக்கு அடியில குனியக்கூட இல்ல. அப்படித்தான் எழுதிட்டுப் போனாரு."

நான் கீழே படுத்துப் பார்த்தேன். பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் இரும்புப் பிடி, வெல்டிங் ஓரமாக முழுசாக விட்டிருந்தது. முறிந்த முகத்தில் பாதி துருவேறிப் பழசாகவும், பாதி பளபளப்பாகவும் இருந்தது. ஒரே நாளில் பாரம் தாங்காமல் உடைந்ததல்ல. குண்டும் குழியுமான சாலையில் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாய் விரிந்தது. மிச்சம் எட்டாயிரம் கிலோமீட்டரை ஓட்டியிருந்தால் இந்த விரிசல் எங்களிடமே வந்திருக்கும். படுத்தபடியே செத்த நேரம் கிடந்தேன். எழுந்து அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எழுந்தபோது அவர் மனைவி ஜமீலா வாசலில் நின்றிருந்தார். வலது கையில் மாவுக்கட்டு.

"அன்னைக்கு நானும் வண்டியிலதான் இருந்தேன்," என்றார். "கை ரெண்டு எடத்துல முறிஞ்சிருச்சு. அம்புட்டு வேலையும் இப்ப மகதான் பாக்குது, பள்ளிக்கூடத்துக்கும் போகாம. உங்க பேப்பர்ல என் கைக்கு எடம் இருக்கா?"

புகாரில் அடிபட்டதாக ஒரு வரியும் இல்லை. படிவத்தைப் புரட்டினேன். வண்டி எண், ஓடிய தூரம், உடைந்த பாகம், காரணம். கைக்கு இடம் இல்லை.

"சாப்பிட்டுட்டு எழுதுங்க சார்," என்றார் காதர். புகார் கொடுத்தவர் வீட்டில் எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பது நிறுவன விதி. வேண்டாமென்று சொல்லி, வேனின் பின்பலகையில் உட்கார்ந்து எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், பாகம் போதுமான அளவு சோதிக்கப்படவில்லை, சோதனையைக் குறைக்கப் பரிந்துரைத்தவன் நான் என்று எழுதினேன். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஜமீலாவின் கையைப் பற்றி எழுதினேன். பிறகு அவர்களிடம் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

காதர் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். "அப்ப உங்களுக்குத் தெரியும்," என்றார்.

"தேதிதான் தெரிஞ்சது. இது தெரியலை."

ஜமீலா உள்ளே திரும்பி, "சாருக்கு இலை போடு. தொட்டுக்க வெஞ்சனம் கொறச்சல்தான், பரவாயில்ல," என்று மகளிடம் சொன்னார். இந்த முறை நான் மறுக்கவில்லை. சாப்பிடும்போது காதர், "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். திண்டுக்கல் என்றேன், லாட்ஜில் அறை எடுத்திருப்பதையும் சொன்னேன். "அப்புறம் எதுக்கு லாட்ஜுல தங்குனீக?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னார்.

அறிக்கை ஓசூரில் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய புயலைக் கிளப்பியது. திரும்ப எழுதித் தரச் சொன்னார்கள், மறுத்தேன். நாலு மாதம் கழித்து, அந்தத் தொகுதி வேன்கள் அனைத்திலும் பிடியை இலவசமாக மாற்ற உத்தரவு வந்தது. ஜமீலாவின் வைத்தியச் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். அதே வாரம் என்னைத் திட்டப் பிரிவிலிருந்து ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள். உணவகத்தில் பழைய சகாக்கள் என் மேஜைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். எட்டு மாதம் தனியாகவே சாப்பிட்டேன். இப்போது வேறு ஊரில், வேறு நிறுவனத்தில், சோதனைப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் குறைவு. எழுதியதற்கு ஒருநாளும் வருந்தவில்லை. அதற்காகத் தனிமை குறைந்துவிட்டது என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சித்தையன்கோட்டைக்குக் காலை பஸ்ஸிலேயே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் வெயிலில் வண்டிக்கு அடியில் படுக்க முடியாது. டார்ச்சும் பழைய சட்டையும் எடுத்துப் போங்கள். வண்டியைப் பார்க்கும் முன்பே, அதில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். படிவத்தில் இடமில்லையென்றால் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. எந்த ஊருக்குப் போனாலும், போகிற ஊரில் ஒருவரிடமாவது முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். நான் திண்டுக்கல் போவது அன்று ஓசூரில் பதினோரு பேருக்கு மின்னஞ்சலில் தெரியும். திண்டுக்கல்லில் ஒருவருக்கும் தெரியாது.